உப்புப் பார்க்காத வாத்து

தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு. எங்கள் ஊர் மின்யாவில் கிறிஸ்தவ ஆட்கள் வீட்டிலெல்லாம் இருக்கிற கறியைக் காலி செய்துகொண்டிருந்த நேரத்தில், நான் மாதா கோயிலில் நின்று நேர்ந்துகொண்டேன். எங்கள் சபைக்குத் தவக்காலம் ஐம்பத்தைந்து நாள். அத்தனை நாளும் பிற்பகல் மூன்று மணி வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. அதற்குப் பிறகும் கறி, மீன், பால், முட்டை எதையும் தொடமாட்டேன். நோன்பில் ஒரு குறையும் வைக்கமாட்டேன். இந்த வருடம் எனக்கு ஒரு பிள்ளை வேண்டும்.

எனக்கு முப்பத்தொன்பது வயது. கல்யாணமாகி ஒன்பது வருடம். அதில் என் கணவர் நாஷித் என்னோடு இருந்ததைக் கூட்டிப் பார்த்தால் ஒரு வருடம் தேறாது. குவைத்தில் லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை அவருக்கு. ஜனவரியில் டாக்டரம்மா என் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "இந்த வருஷம் முயற்சி பண்ணுங்க விவியன். அடுத்த வருஷம் வந்து நின்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள். முயற்சி பண்ண ஆள் வேண்டாமா? ஆள் ஆகஸ்டில்தான் வருவதாக இருந்தது.

நான்காவது வாரம் போன் வந்தது. கம்பெனியில் வேலை குறைவாம். பாதிப் பேரை இப்போதே விடுமுறையில் அனுப்புகிறார்களாம். பதினைந்து நாள். அப்புறம் இரண்டு வருடத்துக்கு லீவு என்ற பேச்சையே எடுக்கக்கூடாதாம்.

நான் அடுப்படியில் நின்று அழுதேன், சந்தோஷத்தில்தான். ஆகஸ்டில் வர வேண்டிய மனுஷனை இப்போதே இழுத்து வந்தது யார்? என் நேர்ச்சைதான். மாதா காதில் விழுந்துவிட்டது. ஓடிப்போய் மாமியாரிடம் சொன்னேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டு காலண்டரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எங்களிடம் நோன்பு தொடங்கிவிட்டால் நெய்ச்சட்டியை ஏறக்கட்டுகிற மாதிரி புருஷன் பெண்டாட்டி படுக்கையும் தனித்தனியாகிவிடும். இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நேர்ந்துகொண்டபோது நானும் சொல்லவில்லை. ஆனால் ஒரு குறையும் வைக்கமாட்டேன் என்று சொல்லியிருந்தேனே.

நாஷித் வந்த அன்று மேசையில் அவித்த மொச்சை, கீரையோடு மசித்த மொச்சை, கத்தரிக்காய் ஊறுகாய், ஒரு டப்பா சீஸ். அவர் சீஸை விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"இது சீஸா, சோப்பா?"

"நோன்பு சீஸ். சோயாவுல பண்றாங்க. ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு பாருங்க."

"உன் கை வாத்தை நெனச்சுக்கிட்டே ரெண்டு வருஷம் ஓட்டினேன். வந்து எறங்கினா சோப்பைத் திங்கச் சொல்றே."

சிரித்தோம். அந்தப் பதினைந்து நாளில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அது ஒன்றுதான்.

கடைக்குப் போனால் இப்போது எல்லாவற்றிலும் நோன்பு வகை கிடைக்கிறது. நோன்பு கேக், நோன்பு சாக்லேட், நோன்பு பீட்சா. நாக்கு ஒரு குறையும் அறியாமல் ஐம்பத்தைந்து நாளையும் தள்ளிவிடலாம். எனக்கு வேண்டியதற்கு மட்டும் எவனும் இன்னும் நோன்பு வகை கண்டுபிடிக்கவில்லை.

நாஷித் வருகிறதைச் சொன்னதும் டாக்டரம்மா ஒரு காகிதத்தில் கரு தங்கக்கூடிய ஐந்து தேதிகளை வட்டமிட்டுக் கொடுத்திருந்தாள். அவர் வந்து எட்டாம் நாள், ஞாயிறில் தொடங்கி வியாழனோடு முடிகிற ஐந்து நாட்கள். அதையும் மாதா செய்த ஏற்பாடு என்றுதான் நினைத்தேன். நாஷித் காகிதத்தை அறைக் கண்ணாடியில் ஒட்டினார். நான் தலையணையை எடுத்துக்கொண்டு முன்னறை சோபாவுக்குப் போனேன்.

முதல் வட்டத்து ஞாயிறன்று அவர் என்னை எங்கள் பாதிரியாரிடம் இழுத்துப் போனார். அபூனா மிசாயில் முழுக்கக் கேட்டுவிட்டு, "நான் உங்களை விடுவிக்கிறேன். பாவம்னு ஒண்ணும் கெடையாது. நேரே வீட்டுக்குப் போங்க" என்றார்.

"அந்த நேர்ச்சைதான் அபூனா இவரைக் கொண்டாந்துச்சு. அதையே ஒடைச்சா, கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கிட மாட்டாங்களா?"

"ஆண்டவர் என்ன மளிகைக் கடையாம்மா வெச்சிருக்கார்? நோன்பு அடுத்த வருஷமும் வரும். அப்ப குறையில்லாம இரு."

"நோன்பு வரும் அபூனா. எனக்குப் பிள்ளை வராது."

அவர் என் தலையில் சிலுவையை வைத்து ஆசீர்வதித்து அனுப்பினார்.

பாதிரியார் விட்டாலும் என் பயம் என்னை விடவில்லை. செவ்வாயன்று நாஷித் வெடித்தார்.

"பிள்ளை வேணும்னு நேந்துக்கிட்டு, புருஷனைக் கதவுக்கு அந்தப் பக்கம் நிறுத்தி வெக்கிறவ ஒலகத்துலயே நீ ஒருத்திதான்டி!"

"கத்தாதீங்க. அத்தைக்குக் கேக்கும்."

"கேக்கட்டும். தெரு முழுக்கக் கேக்கட்டும்."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அது தெரிந்தேதான் சோபாவில் கிடந்தேன். என் முட்டாள்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது. புதன் போனது. வியாழன் போனது.

வெள்ளிக்கிழமை கடைக்குப் போய்த் திரும்பும்போது மாடிப்படி முழுக்க வாத்துக்கறி வாசனை. கட்டடத்தில் ஆறு குடும்பம், ஆறும் நோன்பிருக்கிற குடும்பம். எவளுக்கு இவ்வளவு நெஞ்சழுத்தம் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். வாசனை எங்கள் கதவில் போய் முடிந்தது. உள்ளே மாமியார். மொட்டைமாடிக் கூண்டில் ஈஸ்டருக்காக வளர்த்த வாத்தை அறுத்து அடுப்பில் ஏற்றியிருந்தார். எழுபது வயதில் ஒரு தவக்காலத்திலும் கறிச்சட்டியைத் தொடாத மனுஷி.

"என்ன காரியம் பண்ணீங்க அத்தை!"

"பாவம் எனக்கு. எவளாவது கேட்டா கெழவிதான் தின்னான்னு சொல்லு. ரெண்டு பேரும் தின்னுட்டு உள்ள போங்க. திங்கக்கெழம அவன் போயிருவான்." கரண்டியைக் கீழே வைத்தார். "உப்புதான் பாக்கல. நோன்புல எப்படி வாயில வெக்கிறது?"

நாஷித் தலை நிமிராமல், இரண்டு தடவை உப்பைத் தூவிக்கொண்டு சாப்பிட்டார். நான் வாத்தைத் தொடவில்லை. வாயின் நோன்பை வைத்துக்கொண்டு மற்றதை விட்டேன். அந்தக் கிழவியின் முகத்தைப் பார்த்த பிறகு வேறு எதுவும் எனக்கு முடியவில்லை.

அறைக் கண்ணாடியில் காகிதம் அப்படியே இருந்தது. கடைசி வட்டம் நேற்று. நாஷித் அதைப் பிய்த்து மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"டாக்டருங்க கணக்கு ஒரு நா ரெண்டு நா முன்னப்பின்ன இருக்கும் விவி."

"ஆமாங்க. இருக்கும்" என்றேன்.

திங்கட்கிழமை அவர் விமானம் ஏறினார்.

ஈஸ்டருக்கு மூன்று நாள் முன்னால், பெரிய வியாழன் விடியற்காலை எனக்குத் தீட்டு வந்துவிட்டது. குளியலறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த நாட்களில் எங்கள் பெண்கள் நற்கருணை வாங்குவதில்லை. கோயிலுக்கே போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் போகாவிட்டால் மாமியார் ஏன் என்று கேட்பார், வாயால் சொல்ல வேண்டிவரும். போனால் சொல்லாமலே தெரிந்துவிடும்.

நற்கருணை நேரம் பெண்கள் தலையில் வெள்ளைத் துணி போட்டுக்கொண்டு வரிசையாக எழுந்தார்கள். மாமியார் என் முழங்கையைப் பிடித்து எழுப்பப் பார்த்தார். நான் எழவில்லை. அவர் கை முழங்கையிலேயே நின்றது. பிறகு விட்டுவிட்டு அவர் மட்டும் போனார். நற்கருணை வாங்கியவர்களின் வழக்கப்படி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தவர் என் பக்கம் பார்க்கவேயில்லை. பின்வரிசைப் பெண்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்று. வியாழனுக்கு வழக்கமான பருப்பை மாமியார் அடுப்பில் வைத்தார். போன் அடித்தது, நாஷித்.

"எல்லாரும் நற்கருணை வாங்கினீங்களாம்மா?"

மாமியார் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நான் வாங்கினேன்ப்பா" என்றார்.

 "சரிம்மா. வேலை இருக்கு, வெக்கிறேன்" என்றார் நாஷித்.

மாமியார் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"குடிம்மா. இனி யாருக்காக நோன்பிருக்கே?"

"இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு அத்தை."

அவர் பருப்பைக் கிளறப் போய்விட்டார். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கும் மூன்று மணிக்குத்தான் குடித்தேன். மறுநாளும், சனிக்கிழமையும் அப்படித்தான். நேர்ச்சையில் ஒரு குறை போதும்.