காஜாவும் பட்டனும் ஒரே கூண்டில்

காலையில் பிராணிகள் ஆஸ்பத்திரியில் கூண்டைத் திறந்த நர்ஸ், தட்டு நிறையப் புழுக்கைகள் கிடப்பதைப் பார்த்ததும் கண்ணை மூடிக் கடவுளுக்கு நன்றி சொன்னாள். முயல் புழுக்கைக்கெல்லாம் கடவுளைக் கூப்பிடலாமா என்ற சந்தேகம் அவளுக்கு என்றைக்கும் வந்ததில்லை. படைத்தவனுக்குத் தெரியாத குடலா?

முந்தின நாள் மதியம் தையல்கார அக்கா கூடையும் கையுமாக ஓடி வந்திருந்தாள். கூடைக்குள் இரண்டு சாம்பல் நிற முயல்கள். காஜா, பட்டன் என்று பெயர் வைத்திருந்தாள். ஒன்றில்லாமல் மற்றொன்று இருக்காது என்பதால் இரண்டையும் தூக்கி வந்துவிட்டாள். பட்டன்தான் நோயாளி. ஒரு நாளாகச் சாப்பிடவில்லை, புழுக்கையும் போடவில்லை. முயலுக்குக் குடல் ஓட்டம் நின்றுவிட்டால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். அடைப்பு எதுவும் இல்லை. வலிக்கு ஒரு மருந்து, குடல் அசைய ஒரு மருந்து, மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை வாயில் புல் கூழ் என்று எழுதினார். தனியாக நடுங்கிக்கொண்டிருந்த பட்டனைப் பார்க்கப் பொறுக்காமல், துணைக்குக் காஜாவையும் அதே கூண்டில் விட்டது நர்ஸ்தான்.

இன்று காலை பார்த்தால், இரவு வைத்த புல்லும் தீர்ந்திருந்தது. கூண்டில் தொங்கிய அட்டையில் ‘சாப்பிட்டது, புழுக்கை போட்டது’ என்று எழுதினாள். அதைப் பார்த்து டாக்டர் கூழையும் குடல் மருந்தையும் நிறுத்தி, வலி மருந்தைப் பாதியாக்கினார். அவள் அக்காவுக்குப் போன் போட்டாள்.

“சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போங்கக்கா.”

“நான் சொன்னேன்ல, உன் கை ராசியான கைன்னு,” என்றாள் அக்கா. தையல் மிஷின் சத்தத்தையும் மீறி அவள் சிரிப்பது கேட்டது.

அன்றைக்குக் கூட்டம் அதிகம். மதியச் சாப்பாடு டப்பாவிலேயே ஆறியது. இரண்டரை மணிக்குத்தான் கூண்டைச் சுத்தம் செய்ய வந்தாள். காஜாவைத் தூக்கினாள். அது திமிறிக்கொண்டே அவள் உள்ளங்கையில் நாலைந்து புழுக்கைகளை உதிர்த்தது. “மரியாதை தெரியாதவனே,” என்று சிரித்தபடி பட்டனைத் தொட்டாள்.

காதுகள் இரண்டும் சில்லிட்டிருந்தன. வயிறு கல்லாக இறுகியிருந்தது. பட்டன் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது; வலி தாங்காத முயல் கடிக்கிற கடி.

அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். பட்டன் படுத்திருந்த மூலையில் ஒன்றுகூட இல்லை.

எல்லாமே காஜா போட்டவை. புல்லையும் காஜாதான் தின்றிருக்கிறது.

“டாக்டர்,” என்று கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள்.

டாக்டர் வந்து வெப்பம் பார்த்தார். இருக்க வேண்டியதைவிட இரண்டு டிகிரி குறைவு. “யார் போட்டதுன்னு பார்த்தியாம்மா?”

“இல்ல டாக்டர்.”

“நானும் கேக்கல,” என்றார். மறுபடி எக்ஸ்ரே எடுத்தார். “அடைப்பு இல்ல, காத்துதான். முதல்ல சூடு, வலி மருந்து. கூழ் அப்புறம்.” ஒரு கம்பி வலையைக் கூண்டின் நடுவில் செருகினார். பட்டன் ஒரு பக்கம், காஜா மறுபக்கம், தட்டுகள் தனித்தனியாக. காஜா வலையை ஒட்டிப் படுத்துக்கொண்டது.

ஐந்து மணிக்கு அக்கா வந்தாள், கழுத்தில் அளவு டேப்பைக்கூடக் கழற்றாமல். திடீரென்று மோசமாகிவிட்டது என்று சொன்னால் போதும், நம்பிவிடுவாள். அந்த வார்த்தை நர்ஸின் நாக்கு நுனி வரை வந்தது.

“அக்கா, நான் தப்பா எழுதிட்டேன்.” முழுவதையும் சொன்னாள்.

அக்கா பெஞ்சில் உட்கார்ந்தாள். “அப்ப காலையில இருந்து வலியோடவா கெடந்துச்சு?”

“ஆமாக்கா.”

அக்கா கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு முகம் வெளிறி நிமிர்ந்தாள்.

“எங்க வீட்லயும் ரெண்டுக்கும் ஒரே தட்டுதான். ஒரு நாளா போடலன்னு சொன்னேனே… எத்தன நாளா போடலயோ, எனக்கு எப்படித் தெரியும்?”

கூண்டுக்குள் பல் கடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

ஆறு மணிக்குப் பட்டன் உடம்பில் சூடு ஏறியது. பல் கடிப்பது அடங்கியதும் நர்ஸ் துளித்துளியாகக் கூழ் ஊட்டத் தொடங்கினாள். மேஜை மேல் திறக்காமல் கிடந்த சாப்பாட்டு டப்பாவை அக்கா பார்த்தாள்.

“நீ எப்ப சாப்பிட்ட?”

“காலையில.”

“அதுக்கு ஊட்டு. உனக்கு நான் ஊட்டுறேன்.” தன் பையிலிருந்து ஒரு பன்னை எடுத்துப் பிய்த்து அவள் வாயருகே நீட்டினாள். கோபம் தீர்ந்துவிட்டதா என்று நர்ஸுக்குத் தெரியவில்லை. வாயைத் திறந்தாள். கடவுள் சில நேரம் பன் துண்டாகவும் வருகிறார்.

ஏழு மணிக்குச் சற்று முன், தட்டில் மிளகளவு புழுக்கை ஒன்று விழுந்தது. “டாக்டர், போட்டாச்சு!” என்றாள் நர்ஸ்.

அடுத்த அறையிலிருந்து டாக்டர் கேட்டார். “வலைக்கு எந்தப் பக்கம்?”

“பட்டன் பக்கம்.”

“பார்த்தியா?”

“விழும்போதே பார்த்தேன் டாக்டர்.”

நர்ஸ் பேனாவை எடுத்தாள். அட்டை ஆடாமல் இருக்க அக்கா அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். ‘பட்டன், ஒன்று,’ என்று எழுதினாள். நேரத்தையும் எழுதினாள்.