யூனிஸின் மூன்று கிலோ

என் மகள் யூனிஸ் பட்டாளத்து நர்ஸாகப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து, என் மனைவி ஞானசௌந்தரி அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பூனாவில் நாலு வருஷப் படிப்பு, சாப்பாடு, யூனிபார்ம் எல்லாம் சர்க்கார் செலவு, முடித்ததும் லெப்டினன்ட். ஹைதராபாத் பாலாநகர் தொழிற்சாலையில் இருபது வருஷம் உழைத்து நான் வாங்கும் சம்பளம் அவளுக்கு முதல் மாதமே கிடைத்துவிடும். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"சம்பளம் கெடக்கட்டும். அஸ்ஸாம்ல கொண்டு போட்டான்னா பிள்ளைய நான் எங்க போயி பாப்பேன்?" என்பாள் ஞானம்.

எழுபத்தொன்பதில், சாம்பல் புதனன்று, பட்டாள ஆஸ்பத்திரியில் மெடிக்கல். மூவரும் போனோம். யூனிஸ் தேவையான எடைக்கு மூன்று கிலோ குறைவு. மேஜர் அம்மாள் ஞானத்தைப் பார்த்து இந்தியில் கேட்டாள்: "வீட்டில் பிள்ளைக்குச் சாப்பாடு போடுவதில்லையா?" ஆறு வாரம் தவணை கொடுத்தார்கள்.

ஞானம் மகளுக்குச் சாப்பாடு போட வேண்டாம் என்று நினைத்தாலே போதும், வேலை கைவிட்டுப் போய்விடும். ஆனால் போலாரம் பஸ்ஸில் ஞானத்தின் மூக்கு சிவந்திருந்தது.

"எங்கிட்டயா கேக்கா? எங்க ஊரு நாசரேத்துல எங்க வீட்டுல வந்து கேட்டுப் பாக்கட்டும்! ஏட்டி யூனிஸ், ஆறே வாரம். அவ தராசு ஒடையணும்!"

"அம்மா, லெந்து நாளு. நான்-வெஜ் நக்கோ," என்றாள் யூனிஸ், வேண்டாம் என்பதை ஹைதராபாத் பேச்சில்.

ஞானம் திகைத்துப் போனாள். கல்யாணமான நாளிலிருந்து லெந்து காலத்தில், ஈஸ்டருக்கு முந்திய அந்த நோன்பு நாட்களில், எங்கள் வீட்டில் ஒரு முட்டைகூட உடைந்ததில்லை. போலாரம் பஜார் தாண்டும்வரை யோசித்தாள்.

"ஒன் நோன்பையும் சேத்து நானே இருந்துக்கிடுதேன். நீ தின்னு."

சொன்னபடியே செய்தாள். மகளுக்குக் காலையில் ரெண்டு முட்டை, மத்தியானம் மட்டன், ராத்திரி பாலும் வாழைப்பழமும். தனக்குப் பகலில் ஒரு கை கஞ்சி; ராத்திரி வெறும் தண்ணீர். எனக்கு ரசம். கறி மணம் மட்டும் இலவசம். பாதி நோன்பை எனக்குக் கொடு என்று ஒருநாள் கேட்டேன். "ஒங்களால ஒங்க நோன்பே முடியல," என்றாள். அதுவும் உண்மைதான்.

ஆறு வாரம் கழித்து, பாடு வாரப் புதன்கிழமை மறுபடி தராசு. முள் தேவைக்கு மேலேயே ஒரு கிலோ காட்டியது. மேஜர் அம்மாள் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். ஞானம், இளைத்த தோளிலிருந்து நழுவிய ரவிக்கையை இழுத்துவிட்டுக்கொண்டு, தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், எங்கள் வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை என்று அழுத்திச் சொன்னாள். போரில் ஜெயித்தவள் இவள்தான் என்று தோன்றியது.

திரும்பும் பஸ்ஸில் பாதி வழி வரை அந்த ஜோர் இருந்தது. பிறகு அவள் மகளின் கையைப் பிடித்தாள்.

"ஏட்டி, அப்போ நெசமாவே போயிருவியா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஈஸ்டர் அன்று ஞானம் மட்டன் குழம்பு வைத்தாள். யூனிஸ் கரண்டியைப் பிடுங்கி, அம்மாவை உட்காரவைத்து, தட்டு நிறையப் போட்டாள்.

"போதும்டி!"

"அப்படியா, போதுமா? நான் பூனா போக இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. அதுக்குள்ள நீங்க பழைய வெயிட்டுக்கு வரணும். இல்லேன்னா அன்ஃபிட். நான் ரயில் ஏற மாட்டேன்."

ஞானம் மகளை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு தட்டை இழுத்து வைத்துக்கொண்டு, சாப்பிட ஆரம்பித்தாள்.