வாண்டாவுக்கு ஊர் காட்டினோம்

எங்கள் ஊரில் “ஒரு நடை வந்துட்டுப் போங்களேன்” என்று சொன்னால் யாரும் வரமாட்டார்கள். செயின்ட் லூயிஸில் பிறந்த எவருக்கும் இது தெரியும். சொன்னவருக்கு மரியாதை, கேட்டவருக்கும் மரியாதை, விஷயம் அதோடு முடிந்தது. வாண்டா தெற்கே பக்கத்து மாநிலம், அர்கன்சாஸ்காரி. சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டாள்.

அவள் வந்தது தன் மகனின் இதயம் துடிப்பதைக் கேட்க.

மகன் பெயர் கர்ட்டிஸ். இருபத்திரண்டு வயதில் மோட்டார் சைக்கிளோடு ஜல்லியில் சறுக்கி விழுந்தவன். அவன் இதயத்தைத்தான் என் கணவன் நார்பர்ட்டுக்கு வைத்தார்கள். அதற்கு முன்னால் நார்பர்ட் படுக்கையறையிலிருந்து கக்கூஸ் வரை நடக்க இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவான். வைத்த பிறகு பழையபடி குழாய் வேலைக்கே போனான். நாங்கள் நன்றி எழுதினோம். வாண்டா பதில் எழுதினாள். அதிலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு வாழ்த்து அட்டை வரும், அதில் தவறாமல் ஒரே கேள்வி: என் பையன் நன்றாக ஓடுகிறானா?

நான்கு வருடம் நன்றாகத்தான் ஓடினான். பிறகு அந்த இதயத்தின் குழாய்கள் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டன. போன வருட ஆரம்பத்தில் அதை எடுத்துவிட்டு வேறு ஒருவரின் இதயத்தை வைத்தார்கள். இதை நாங்கள் வாண்டாவுக்குச் சொல்லவில்லை. சொல்லலாம் என்று பேனாவோடு உட்காருவேன். என்னவென்று எழுதுவது? நீங்கள் கொடுத்தது கெட்டுப்போய்விட்டது, வேறு வாங்கிக்கொண்டோம் என்றா? கடைசியில், நார்பர்ட் நலம், இந்தப் பக்கம் வந்தால் அவசியம் வாருங்கள், அறை இருக்கிறது என்று எழுதி முடித்துவிட்டேன். எழுதும்போதே அவள் வரமாட்டாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். எங்கள் ஊர்ப் புத்தி அவ்வளவுதான்.

அவளை அழைத்துவர நாங்கள் இருவரும் பஸ் நிலையத்துக்குப் போனோம். ஒல்லியான பெண். தேவாலயத்துக்குப் போகும் உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். நார்பர்ட்டின் கையைப் பிடித்தவள் அவன் முகத்தைப் பார்க்கவேயில்லை, சட்டையின் இரண்டாவது பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கைப்பையைத் திறந்து ஒரு டப்பாவைக் காட்டினாள். டாக்டர்கள் கழுத்தில் போட்டிருக்கும் ஸ்டெதஸ்கோப். மருந்துக்கடையில் புதிதாக வாங்கி, வீட்டு நாயின் மேல் வைத்துப் பழகிப் பார்த்தாளாம். அதைச் சொல்லிவிட்டு வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

“முதல்ல ஒரு வாய் சாப்பிடலாம்” என்றான் நார்பர்ட்.

அப்படித்தான் ஆரம்பித்தது. அன்று மாலை இத்தாலிக்காரர் தெருவில் மாவுக்குள் இறைச்சி வைத்து வறுத்த ராவியோலி. சாப்பிடும்போது நார்பர்ட் அவளிடம் எந்த ஹைஸ்கூலில் படித்தீர்கள் என்று கேட்டான். எங்கள் ஊரில் அந்த ஒரு பதிலை வைத்தே ஒருவர் எந்தச் சாமி கும்பிடுகிறார், அப்பன் என்ன வேலை பார்த்தான், எந்தப் பேட்டையில் வளர்ந்தார் என்று சகலமும் சொல்லிவிடலாம். எங்கள் ஊரில் ஒரே ஒரு பள்ளிக்கூடம்தான் என்றாள் வாண்டா. நார்பர்ட் ராவியோலித் தட்டை அவள் பக்கம் நகர்த்தினான். வீட்டுக்கு வந்ததும் அவள் டப்பாவைத் தொட்டாள். அவன் இரண்டு தொடையையும் தட்டிக்கொண்டு “சரி, அப்புறம்…” என்று எழுந்துவிட்டான். எங்கள் ஆண்கள் அப்படித் தொடையைத் தட்டினால் பேச்சு முடிந்தது, கிளம்ப வேண்டியதுதான். அவள் பயணக் களைப்பு என்று நினைத்துக்கொண்டாள், பாவம்.

மறுநாள் மிருகக்காட்சி சாலை. அதற்குக் காசு கிடையாது என்பதில் எங்களுக்கு அவ்வளவு பெருமை. பெங்குவின்களைப் பார்த்தோம். பேராலயத்துக்குப் போய் உட்கூரையில் பதித்த கண்ணாடிச் சில்லுகளைக் கழுத்து வலிக்கப் பார்த்தோம். பீர் ஆலையில் குதிரைகளைப் பார்த்தோம், ஒவ்வொன்றும் ஒரு லாரி உயரம். ஐஸ்கிரீம் கடையில் பரிமாறும் பெண் கோப்பையைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினாள். அவ்வளவு கெட்டி, ஒரு சொட்டு விழவில்லை. வாண்டா எல்லாவற்றையும் பார்த்தாள், எல்லாவற்றுக்கும் நன்றி சொன்னாள். ஒவ்வொரு இடத்திலும் கைப்பையை மடியிலேயே வைத்திருந்தாள்.

அந்தக் கடையில் அவள் கை கழுவப் போன சமயம் பார்த்து நார்பர்ட்டைப் பிடித்துக்கொண்டேன். நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

“இப்ப வேண்டாம்டி. இப்பத்தான் ஐஸ்கிரீம் சாப்பிட்டிருக்கா.”

“அப்ப எப்ப? அவ ஒரு மாசம் பட்டினி கிடந்தாலும் உனக்கு நேரம் வராது.”

அவன் தன் நெஞ்சைத் தடவிக்கொண்டான். எனக்கு அவன்மேல் வந்த கோபத்தில் பாதி என்மேல் வந்திருக்க வேண்டியது. சொல்ல என்னாலும் முடியவில்லை. வாண்டா திரும்பி வந்ததும், ஆற்றங்கரையில் படகு பார்த்திருக்கிறீர்களா என்று நான்தான் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. இறைச்சி தொடாத தவக்காலத்து வெள்ளி என்றால் எங்கள் பங்குக் கோயில் மண்டபத்தில் மீன் வறுவல். ஊரே அங்கேதான் இருக்கும். விருந்தாளியை வீட்டில் உட்காரவைத்துவிட்டு நாங்கள் மட்டும் போனால் அசிங்கம், போகாமல் இருந்தால் அதைவிட அசிங்கம். அதனால் அவளையும் கூட்டிக்கொண்டு போனோம். நார்பர்ட்டுக்கு இரண்டாம் முறை அறுவை நடந்தபோது எங்களுக்கு மாற்றி மாற்றி சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தவர்கள் அத்தனை பேரும் அந்த மண்டபத்தில்தான் இருப்பார்கள் என்பது வரிசையில் நின்ற பிறகுதான் எனக்கு உறைத்தது. கடவுளே, இவ்வளவு முட்டாள்களா நாங்கள்.

முன்னால் ஓடிப்போய் யார் வாயையாவது அடைக்கலாம் என்று நகர்ந்தேன். அதற்குள் எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னாலிருந்த எல்மர் எங்களைப் பார்த்துவிட்டான். நார்பர்ட்டோடு பள்ளியில் படித்தவன். அவனுக்கு மெதுவாகப் பேச வராது.

“என்னடா நார்பர்ட், மூணாவது இன்ஜின் எப்படி இழுக்குது?”

வாண்டா என் பக்கத்தில் தட்டோடு நின்றிருந்தாள். பிறவியில் இருந்தது ஒன்று. கர்ட்டிஸ் கொடுத்தது இரண்டு. மூன்று எது என்று கணக்குப் போட யாருக்கும் பெரிய படிப்பு வேண்டாம். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் கோஸ் சாலட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவேளை சத்தத்தில் கேட்டிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எல்மர் இரண்டு துண்டு மீனை அவள் தட்டில் வைத்தான். நன்றி என்றாள். உட்கார்ந்து இரண்டையும் சாப்பிட்டாள். மேசையில் எல்லாரும் அவளிடம் எந்த ஹைஸ்கூல் என்று கேட்டார்கள்.

அன்று இரவு அவள் டப்பாவைத் தொடவேயில்லை. அப்போதே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும். காலையில் எழுந்து அப்பத்துக்கு மாவு கலக்கினேன்.

ஆற்றங்கரையில் வானுயர நிற்கும் எஃகு வளைவுக்கு டிக்கெட் ஏற்கெனவே வாங்கியிருந்தோம். எங்கள் ஊருக்கு வந்துவிட்டு அதன் உச்சிக்குப் போகாமல் யாரையும் நாங்கள் விடுவதில்லை. மேலே போக ஒரு கூண்டு உண்டு, துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் உட்கார்ந்தது போல இருக்கும். ஐந்து பேர் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்காரலாம். அன்று மழை, கூட்டம் இல்லை. நாங்கள் மூன்று பேர் மட்டும் ஏறினோம். கதவு சாத்திக்கொண்டது, கூண்டு கடகடவென்று கிளம்பியது.

“நேத்து மீன் பொரிச்ச அந்த ஆளு மூணுன்னு சொன்னாரு” என்றாள் வாண்டா. கோபமாகச் சொல்லவில்லை. “ராத்திரி பூரா முழிச்சுக் கிடந்தேன். உங்கள்ல யாராவது கதவைத் தட்டி வந்து சொல்லுவீங்கன்னு. காலையில அப்பம் சுட்டுப் போட்டீங்க.”

நார்பர்ட்டின் கைகள் தொடைக்குப் போயின. தட்டிவிட்டு எழுந்து போக அங்கே இடமில்லை. நான் சொன்னேன். அடைத்துக்கொண்ட குழாய்களை, ஆஸ்பத்திரியில் கிடந்த வாரங்களை, நடுச்சாமத்தில் ஆம்புலன்ஸில் ஓடியதை, எல்லாவற்றையும் கூண்டின் இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை என்றும் சொன்னேன்.

“அவன் மேல தப்பில்லைங்க” என்றான் நார்பர்ட். அழுதுகொண்டிருந்தான். “கர்ட்டிஸ் நல்லாத்தான் ஓடினான். என் உடம்புதான் அவனைச் சேத்துக்கல.”

வாண்டா அவன் நெஞ்சைப் பார்த்தாள்.

“இப்ப உள்ள இருக்கறது யாரோடது?”

ஒரு பெண்ணினுடையது, அதற்கு மேல் எங்களுக்குத் தெரியாது என்றேன். நார்பர்ட் மழைச்சட்டையை விலக்கினான். வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள் என்று அவளிடம் சொன்னான். வேறு கொடுக்க அவனிடம் ஒன்றும் இல்லை. அது கேவலமாக இருந்தது, எனக்கு அவன்மேல் இரக்கமாகவும் இருந்தது.

“மூடுங்க” என்றாள் வாண்டா. “சளி பிடிக்கும். அது அந்தப் பொண்ணப் பெத்தவ கேக்க வேண்டியது.”

உச்சியில் இறங்கினோம். சின்னச் சின்ன ஜன்னல்கள், சரிவான திண்டின்மேல் சாய்ந்து படுத்துத்தான் கீழே பார்க்க முடியும். ஆறு மழையில் சேறாகக் கிடந்தது. அவள் தன் ஊர் இருக்கும் திசையில், தெற்குக் கோடி ஜன்னலுக்குப் போய்க் கொஞ்ச நேரம் சாய்ந்து கிடந்தாள். நாங்கள் பின்னால் நின்றோம். நார்பர்ட் ஒருமுறை, வெயில் நாளாக இருந்தால் முப்பது மைல் தெரியும் என்று சொல்ல ஆரம்பித்தான். நான் அவன் கையைக் கிள்ளினேன்.

இறங்கும்போதும் அதே கூண்டு, அதே முழங்கால்கள். பாதி வழியில் அவள் கேட்டாள்.

“எடுத்தாங்களே. எடுத்து எங்க வெச்சாங்க?”

எனக்குச் சட்டென்று புரியவில்லை. அவள் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது.

“கர்ட்டிஸோடத. வெளிய எடுத்தாங்கல்ல. அதை என்ன பண்ணாங்க?”

நான் நார்பர்ட்டைப் பார்த்தேன். அவன் மயக்கத்தில் இருந்தவன், அவனுக்கு என்ன தெரியும். வெளியே காத்திருந்தவள் நான். அறுவை முடிந்து டாக்டர் வந்தார், எல்லாம் நல்லபடி முடிந்தது என்றார், ஏதாவது கேட்க வேண்டுமா என்று நின்று நிதானமாகக் கேட்டார். எப்போது சாப்பாடு கொடுக்கலாம் என்று கேட்டேன். அது ஒன்றுதான் கேட்டேன்.

“தெரியாதுங்க” என்றேன்.

“நாலு வருஷம் உங்க வீட்ல இருந்திருக்கான்” என்றாள். குரல் அப்போதுதான் உடைந்தது. “உங்க மேசையில சாப்பிட்டிருக்கான், உங்க கட்டில்ல தூங்கியிருக்கான். அவனை எங்க கொண்டு போறீங்கன்னு ஒருத்தர் கூடக் கேக்கலையா?”

“கேக்கல.”

கூண்டு கீழே வந்து நின்றது. கதவு திறந்தது. வெளியே ஏறக் காத்திருந்தவர்கள் எங்களுக்கு ஒதுங்கி வழிவிட்டு நின்றார்கள். நாங்கள் மூன்று பேரும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் நான்தான் எழுந்தேன். கதவைப் பிடித்துக்கொண்டு, “நீங்க முதல்ல போங்க, வாண்டா” என்றேன்.

போனாள். அன்று மாலையே பெட்டியோடு ஊருக்குக் கிளம்பினாள், பஸ் நிலையத்துக்கு எங்களைக் கொண்டுவிடச் சொல்லவில்லை.