கக்கூசுக்குத் தோண்டிய குழி

கடப்பாரை ணங்கென்றதுமே நசாரியாவுக்குப் புரிந்துவிட்டது. மண்ணில் பட்ட சத்தமில்லை அது. சும்மா கிடக்கிற கல்லில் பட்ட சத்தமும் இல்லை. எங்கே தோண்டினாலும் பழைய இன்கா ராஜ்யத்துச் சுவர் தட்டுப்படும் குஸ்கோவில் பிறந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

குழிக்குள் நின்ற அவள் புருஷன் லியோன்சியோ குனிந்து மண்ணைக் கையால் வழித்தான். வழவழவென்று ஒரு கல். அதை ஒட்டி இன்னொன்று. நடுவில் சாந்தும் இல்லை, சந்தும் இல்லை.

"அவங்கதான்" என்றான், சொல்லாமல் வந்துவிட்ட உறவுக்காரர்களைப் பார்த்தவன்போல.

நசாரியா மண்குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். போன மழைக்காலத்தில் வழுக்கி விழுந்ததிலிருந்து இடுப்பு அவள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. பொதுக் கக்கூசோ சந்தின் அடியில். உறைபனி விடியலில் அந்தப் படிகளில் இறங்கி ஏறுவதற்குள் உயிர் போய்த் திரும்பும். அதற்குப் பயந்தே பொழுது சாய்ந்தபின் சொட்டுத் தண்ணீர் குடிப்பதை விட்டிருந்தாள். முற்றத்தில் ஒரு கக்கூஸ் வேண்டுமென்று நச்சரித்து நச்சரித்து, இப்போதுதான் குழி முழங்கால் ஆழம் வந்திருந்தது. அதற்குள் இன்காக்கள் வந்து நின்றுகொண்டார்கள்.

யாராவது சொல்லிவிட்டால் தொல்லியல் ஆபீஸ்காரர்கள் வருவார்கள். படம் எடுப்பார்கள், நாடா கட்டுவார்கள், போய்விடுவார்கள். அப்புறம் தோண்டவும் கூடாது, மூடவும் கூடாது. பக்கத்து வீட்டு யூலோகியா அடுப்படி கட்டத் தோண்டிய குழி அப்படித்தான் ஆறு வருடமாக நீலப் பிளாஸ்டிக் தாளுக்கடியில் கிடக்கிறது. காட்டிக்கொடுத்தது லியோன்சியோவின் வாய்தான். அப்போது அவன் ஓர் அகழ்வாய்வில் கல் சுமந்துகொண்டிருந்தான். சாப்பாட்டு வேளையில் மேஸ்திரியிடம், "இதெல்லாம் ஒரு சுவரா? எங்க பக்கத்து வீட்டு அடுப்படியில பாருங்க" என்று பீற்றிக்கொண்டான். உன் தெருக் கல்லைவிட என் தெருக் கல் உசத்தி என்கிற வீம்பு இந்த ஊரில் எல்லோருக்கும் உண்டு. அடுத்த வாரமே யூலோகியா வீட்டில் நாடா கட்டினார்கள். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

"மூடிட்டு ரெண்டு முழம் தள்ளித் தோண்டறேன்" என்றான் லியோன்சியோ.

"அங்க மட்டும் உன் பாட்டன் சுவர் முடிஞ்சிருமா?"

"என் பாட்டன் என்ன, உன் பாட்டன் என்ன. எல்லாம் ஒரே பாட்டன்தான்."

"அப்ப அந்தப் பாட்டன் ஒரு கக்கூஸும் கட்டி வெச்சுட்டுப் போயிருக்கலாம்ல. ஆகஸ்ட் மாசம் பூமி வாய் திறந்திருக்கும், கோக்கா இலை வெச்சுக் கும்பிடாம கடப்பாரையத் தொடாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கேட்டியாய்யா?"

அவன் மேலே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டு மாடியில் யூலோகியா சோளம் உதிர்த்தபடி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ. கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் அவளே கதவைத் தட்டினாள். கையில் ஒரு ஜாடி சோளக் கள். குழியருகே போய் வெகுநேரம் பார்த்தாள்.

"நல்ல கல்லு. என் வீட்டுச் சுவர்தான் இங்க வரைக்கும் வருது."

"அக்கா, கண்டுக்காம விட்டுருங்க. என் இடுப்பு தாங்காது."

"ஆபீஸுக்குப் போன் பண்ணிட்டேன் நசாரியா. வியாழக்கிழமை வர்றாங்க."

லியோன்சியோ தலை குனிந்துகொண்டான்.

"ஆறு வருஷமா வாசல்ல, காத்துல சமைக்கிறேன். மழையில அடுப்பு அணையறப்பல்லாம் இவன் மூஞ்சிதான் கண்ணுல நிக்கும். போன் பண்ணினா மனசு ஆறிரும்னு நெனச்சேன்." ஜாடியைக் கீழே வைத்தாள். "ஆறல."

நசாரியாவுக்கு அவள் சடையைப் பிடித்து இழுக்க வேண்டும்போல ஆத்திரம் வந்தது. எழுந்திருக்கத் தெம்பில்லை. ஆத்திரமும் சற்று நேரத்தில் அசந்துபோய் அவளோடு உட்கார்ந்துவிட்டது.

யூலோகியா கோப்பையில் ஊற்றி நீட்டினாள். நசாரியாவின் கை தன் வழக்கப்படி முதல் வாயைப் பூமிக்கென்று குழிக்குள் சரித்தது. கல் நனைந்து கறுத்தது. மிச்சத்தை உதடுவரை கொண்டுபோய் நிறுத்தினாள்.

"இத குடிச்சா, ராத்திரி அத்தனை படியும் இறங்கணுமேக்கா."

"எதுக்கு இறங்கற? என் வீட்டுல இருக்குல்ல. இனிமே கதவைத் தாழ் போட மாட்டேன்."

நசாரியா அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கோப்பையை ஒரே மூச்சில் காலி செய்துவிட்டு நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."