பேணியைப் பிடித்த கை

அனோ அக்காவிடம் டனிஸ்ரன் சொன்ன பொய் ஒரேயொரு சொல்தான். "உள்ளபடி கீறினியோ?" என்று அவள் கேட்டாள். "ஓம்" என்றான். அந்த ஓம் இப்போது நூறு பிரதிகளாக அச்சாகி, பார்க் எக்ஸ்டென்ஷன் நூலகத்தின் நீள மேசையில் அடுக்கிக் கிடந்தது.

டனிஸ்ரனுக்கு இருபத்துமூன்று வயது. செஜெப் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன். இரவில் ஒரு பண்டகசாலையில் பெட்டி ஏற்றுவான். பகலில் தூங்க வேண்டிய நேரத்தில் படம் கீறுவான். அவன் அலுமாரி நிறைய மங்கா, பிரெஞ்சில் வந்த யப்பானியச் சித்திரக்கதைகள். அதில் பாதிக்கு மேல் போர்க்கதை. அவனுக்கென்று ஒரு போரும் கிடையாது. மொன்றியலில் பிறந்தவன்.

போர் இருந்தது அனோஜினிக்கு. அவன் சின்னம்மாவின் மகள். மன்னாரில், அடம்பனில் பிறந்து, இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பதினொரு வயதில் முள்ளிவாய்க்கால் கடற்கரை வரை போனவள். தாயும் தகப்பனும் அங்கேயே முடிந்துபோனார்கள். பதினேழு வயதில் அவளைப் பொறுப்பெடுத்துக் கூப்பிட்டாள் டனிஸ்ரனின் தாய் அல்போன்சம்மா. பத்து வருடமாக ஒரே வீடு. இப்போது ஒரு கார்தெரியில் சின்னப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு ஊட்டி, பிரெஞ்சில் பாட்டுச் சொல்லித் தூங்க வைக்கிறாள்.

எல்லாம் தொடங்கியது போன பனிக்காலத்தில். சோபாவில் கிடந்த ஒரு மங்காவை எடுத்து அனோஜினி படம் பார்த்துக்கொண்டிருந்தாள். குண்டு போட்டு எரிந்த நகரம். புகையிரத நிலையத்தில், கண்ணுக்குக் கட்டுப் போட்ட சிறுமி ஒருத்தி. கையில் சுட்ட வத்தாளங்கிழங்கோடு ஒரு பையன்.

"நல்ல பெடியனடா இவன்" என்றாள். "தன்ர கிழங்கைக் கொண்டுபோய் அந்தக் குருட்டுப் பிள்ளைக்குக் குடுக்கிறான்."

டனிஸ்ரன் சிரித்தான். "அக்கா, நீங்கள் வால்ல இருந்து தலைக்குப் போறீங்கள். யப்பான்காரர் வலக்கைப் பக்கத்தாலதான் தொடங்குறவை. அவன் குடுக்கேல்லை. களவெடுக்கிறான்."

அவள் புத்தகத்தைத் திருப்பி, மறுபக்கத்திலிருந்து மெதுவாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"இதைக் கீறினது ஆர்?"

"அந்தப் பெடியன்தான். எழுபது வயசில கீறினவர்."

"வெட்கமில்லையோ அந்தாளுக்கு?"

"இருந்தபடியால்தான் கீறினவர்."

"அவ்வளவு காலமும் வைச்சிருந்திருக்கிறார்" என்று சொல்லிப் புத்தகத்தை மூடினாள்.

மூன்று நாள் கழித்து, ஞாயிறு பூசை முடிந்து வந்து உடுப்பு மடித்துக்கொண்டிருந்தபோது, கேட்காமலே சொன்னாள். கார்தெரியில் அன்றைக்கு என்ன சமையல் என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

"கஞ்சிக்கு வரிசையில நிண்டனாங்கள். எனக்கு முன்னால ஒரு பெடியன். என்ர வயசுதான் இருக்கும். பேர் தெரியாது. அவனுக்குக் கஞ்சி வாத்தாச்சு. எனக்கு வாக்க முதல் செல் விழுந்து வெடிச்சிட்டுது. நான் எழும்பிப் பாக்கிறன், அவன் கிடக்கிறான், பால்பேணி மட்டும் நிமிந்து நிக்குது. பாதிக்கு மேல கஞ்சி. விடாமல் பிடிச்சிருக்கிறான். நான் விரலைக் கழட்டி எடுத்தனான்."

"செத்திட்டானோ?"

"இல்லை. பாத்துக்கொண்டு கிடந்தவன்."

அவள் ஒரு சட்டையின் கையை மடித்தாள். "குடிச்சுப்போட்டுப் பேணியைக்கூடத் திருப்பி வைக்கேல்லை. கொண்டு போனனான்."

"நான் இதைக் கீறட்டோ?" என்று டனிஸ்ரன் கேட்டான். வேறு என்ன கேட்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.

"கீறுறதெண்டா உள்ளபடி கீறு. என்ர பேர் வேண்டாம். ஆனா அவனை விட்டிடாதை. அவனைக் கண்ட ஆள் எண்டு இப்ப நான் ஒராள்தான் இருக்கிறன்."

இருபத்துநாலு பக்கம் கீறினான். யப்பானிய முறைப்படி வலமிருந்து இடமாக. தறப்பாள், மணல், வரிசை, புகை எல்லாம் வந்தன. பத்தொன்பதாம் பக்கம்தான் வரவில்லை. விரல் கழற்றுவதை இரண்டு தடவை கீறிப் பார்த்தான். இரண்டு தடவையும் சிறுமியின் முகம் திருடியின் முகமாகவே வந்தது. மூன்றாம் தடவை, பையனே அந்தத் தகரப் பேணியை உயர்த்தி நீட்டுவதாகக் கீறினான். பெரிய கண்கள், லேசான சிரிப்பு. ஒரே இருப்பில் வந்துவிட்டது. அக்காவைக் காப்பாற்றுகிறேன் என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். அந்தப் பக்கத்தில் ஆட்கள் அழுவார்கள் என்பதுதான் அவனுக்கு உண்மையில் தெரிந்திருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் நூலகத்தில் முப்பது பேர் வரையில் வந்தார்கள். அல்போன்சம்மா ஒரு தட்டு ரோல்ஸ் கொண்டுவந்து வைத்திருந்தாள். நூலகத்தின் மிலேன் அறிமுகம் சொன்னாள். மங்கா போரை எப்படிச் சொல்கிறது என்று டனிஸ்ரன் பிரெஞ்சில் பேசினான். நன்றாகவே பேசினான். வீரர் சிலை வைக்கிற வேலையை அவர்கள் செய்யவில்லை, பசித்த பிள்ளை என்ன செய்தது என்று கீறினார்கள், அதனால்தான் பேரப்பிள்ளைகள் அதை வாங்கி வாசிக்கிறார்கள் என்றான்.

முன் வரிசையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி கை உயர்த்தினாள். "தங்கள் மேல் விழுந்த குண்டைக் கீறுகிறார்கள், சரி. தங்கள் படைகள் அடுத்தவன் நாட்டில் போய்ச் செய்ததை?"

"கீறியவர்கள் இருக்கிறார்கள். குறைவு" என்றான். "தனக்கு விழுந்த அடியைக் கீறுவது சுகம். தான் கொடுத்த அடியைக் கீறத்தான் துணிவு வேண்டும்."

கை தட்டினார்கள். மூன்றாவது வரிசையில் இருந்த அனோஜினி தலையை ஆட்டினாள். மெய்யாகவே ஒத்துக்கொண்டு ஆட்டினாள். பின்னால் அவனைத் தின்றது அந்தத் தலையாட்டல்தான்.

பேச்சு முடிந்ததும் பங்குக் கோவில் ஆள் பத்திநாதர் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். நினைவுநாள் கூட்டங்களை ஒழுங்கு செய்கிறவர் அவர்தான்.

"தம்பி, பத்தொன்பதாம் பக்கம். சாகக் கிடக்கிற பிள்ளை தன்ர கஞ்சியை மற்றப் பிள்ளைக்குக் குடுக்குது. இதுதான் எங்கட சனம். மே மாசத்துக்கு இன்னும் இருநூறு அடிப்பம், என்ன?"

"சரி அங்கிள்" என்றான் டனிஸ்ரன். சொல்லும்போதே அவருடைய தோளுக்கு மேலால் அக்காவைக் கண்டான். சுவரோடு சாய்ந்து வாசித்துக்கொண்டிருந்தாள். வலப்பக்கத்திலிருந்து. அவன் சொல்லிக்கொடுத்தது மறக்கவில்லை.

பத்திநாதர் ரோல்ஸ் பக்கம் போகும்வரை காத்திருந்து, கிட்ட வந்து, பத்தொன்பதாம் பக்கத்தை விரித்து மேசையில் வைத்தாள்.

"உன்ர பக்கத்தால பாத்தா அவன் எனக்குத் தாறான்." விரலை இடமிருந்து வலமாக இழுத்தாள். "என்ர பக்கத்தால பாத்தா நான் அவனுக்குக் குடுக்கிறன். நான் எடுத்தது எந்தப் பக்கத்தாலயும் இல்லை."

"அக்கா, உங்களை ஆக்கள் பிழையா நினைப்பினம் எண்டு..."

"என்ர பேர்தான் இதில இல்லையே. ஆரை நினைப்பினம்?"

டனிஸ்ரன் புத்தகத்தை மூடக் கை நீட்டினான்.

"துணிவு வேணுமெண்டு பிரெஞ்சில வடிவாச் சொன்னாய்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "நான் அவனிட்டை ஒரு பேணிதான் எடுத்தனான். மிச்சத்தை நீ எடுத்திட்டாய்."

கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகும் டனிஸ்ரன் பதினொரு பிரதிகளில் கையெழுத்து வைத்தான். ஒருத்தி அழுதுகொண்டு அவன் கையைப் பிடித்தாள். அவன் "மெர்சி" என்றான்.

திங்கட்கிழமை, வேலை முடிந்த கையோடு தூங்காமல் நூலகத்துக்குப் போனான். முப்பத்தேழு பிரதிகள் மிஞ்சியிருந்தன. ஒரு பக்கம் பிழை, திருப்பி எடுக்கிறேன் என்றான். மிலேன் புரட்டிப் பார்த்தாள். பிழை ஒன்றையும் காணோமே, நல்ல அழகாகத்தானே இருக்கிறது என்றாள். அது அவனுக்குச் செருப்படியைவிட மோசமாக இருந்தது.

பிரதிகளை மட்டைப்பெட்டியில் போட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டு, தெருவில் நின்றே பத்திநாதருக்குப் போன் அடித்தான்.

"அங்கிள், அந்தப் பக்கம் மாறும். பெடியன் குடுக்கேல்லை. அவள் பறிச்சவள்."

"சாகிற பிள்ளையிட்டையோ? தம்பி, அதை நினைவுநாளில வைக்கேலாது. வாற சனம் என்ன நினைக்கும்? இருக்கிறபடி விடு, வடிவா இருக்கு."

"இருக்கிறது பொய் அங்கிள்."

"நல்லதுக்குச் சொல்லுற பொய்தானே."

ஒரு மாதத்துக்கு முன் அவன் தனக்குத்தானே சொன்னதுதான் இது. அடுத்தவர் வாயால் கேட்கும்போது அருவருத்தது. "அப்ப வேண்டாம் அங்கிள்" என்று வைத்துவிட்டான். அதில் துணிவென்று சொல்ல ஒன்றுமில்லை. காசா, பேரா, எதையும் அவன் இழக்கவில்லை. இழக்கக்கூடியவள் வீட்டில் அவனோடு கதைக்காமல் இருந்தாள்.

புதன்கிழமை காலை குசினி மேசையில் இருந்து அந்த விரல்களைத் திரும்பக் கீறினான். வரவில்லை. தன் கையைப் பார்த்துக் கீறினால் அது எதையும் இழக்காத கையாக இருந்தது. அல்போன்சம்மா கழுவி வைத்திருந்த வெறும் பால்பேணியை இடக்கையால் பிடித்துக்கொண்டு முயன்றான். அப்போதும் இல்லை.

வேலைக்குப் போக வெளிக்கிட்டு வந்த அனோஜினி, தாள்களைக் கண்டு நின்றாள். நாலு நாளுக்குப் பிறகு முதல் சொல்.

"இப்பிடியில்லை."

கைப்பையைக் கழற்றாமலே முன் கதிரையில் இருந்தாள். "பிடி."

பிடித்தான்.

"இது தேத்தண்ணிக் கோப்பை பிடிக்கிற பிடி. இறுக்கிப் பிடி."

இறுக்கினான். அவள் அவன் பெருவிரலின் அடியில் தன் நகத்தைக் கொடுத்து நெம்பினாள். பிறகு சுட்டுவிரல். அவள் கையில் கார்தெரி சவர்க்காரம் மணத்தது. நடுவிரலுக்கு வந்தபோது, அவள் கேட்டதற்கு மேலாகவே தான் இறுக்கிக்கொண்டிருப்பதை உணர்ந்தான். அவளும் விடவில்லை. நொந்தது.

"சின்னவிரல்தான் கடைசி" என்றாள். "அதைத்தான் அவன் விடேல்லை. நான் முறிச்சிருப்பன்போல. சத்தம் கேட்டது."

உடுப்பு மடித்த அன்றைக்கு இதைச் சொல்லவில்லை. இப்போதுதான் சொன்னாள்.

பேணியை எடுத்து, உள்ளே ஒருதரம் பார்த்து, கழுவுதொட்டியில் வைத்தாள். "முகத்தை வடிவாக்காதை" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

டனிஸ்ரன் இடக்கையை அவள் விட்டபடியே மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, வலக்கையால் கீறினான். ஐந்து விரலுக்கு ஐந்து கட்டம். ஒன்றின் கீழ் ஒன்றாக, ஒரே நிரை. இடமா வலமா என்ற கேள்வி அதில் இல்லை. கடைசியில் சிறுமியின் முகம். திருடியின் முகம்தான் வந்தது. அழிக்கவில்லை.

முப்பத்தேழு பிரதிகளிலும் பழைய பக்கத்தைக் கிழித்துப் புதியதை ஒட்டலாம். மற்ற அறுபத்துமூன்றும் எங்கெங்கோ வீடுகளுக்குப் போய்விட்டன. அங்கெல்லாம் அந்தப் பையன் இன்னும் சிரித்துக்கொண்டு பேணியை நீட்டியபடிதான் இருப்பான்.