வானத்தின் உள்பக்கம்

தையல்காரியின் தெருவுக்கு மேலே இருந்த வானம், காய்ச்சல் வருஷத்தின் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், உள்பக்கம் வெளியே வரும்படி திரும்பிக்கொண்டது. அடுத்த தெருவில் அது எப்போதும்போல நீலமாகவே இருந்தது. பால்காரர் சைக்கிளை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார். மழை வராது என்று தீர்மானித்துக்கொண்டு மிச்ச வீடுகளுக்குப் போனார்.

தையல்காரிக்குக் காரணம் தெரியும். அவளும் அவள் அண்ணனும் அந்தத் தெருமுனையில் தையல்கடை வைத்திருந்தார்கள். வெட்டுவது அவர், தைப்பது அவள். ஊர் அவரை முகத்துக்கு நேரே மாஸ்டர் என்றது, முதுகுக்குப் பின்னால் 'உள்பக்கம்' என்றது. எந்தத் துணியைக் கையில் கொடுத்தாலும் முதலில் அதைப் புரட்டி உள்பக்கத்தைத்தான் பார்ப்பார். வெளியே எவன் வேண்டுமானாலும் அழகாகத் தைப்பான், பிசிறும் முடிச்சும் பொய்யும் உள்ளேதான் கிடக்கும் என்பது அவர் கட்சி. கல்யாண வீட்டுக்குப் போன இடத்தில் மாப்பிள்ளையின் கோட்டைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார் என்றும் ஒரு பேச்சு உண்டு. கடையில் பட்டன் கட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி மட்டும் அவரைக் கேலி செய்வாள். "என்னைத்தான் உள்ள பாக்காம கட்டிக்கிட்டாரு, அதான் இப்ப அனுபவிக்கிறாரு" என்று வாடிக்கையாளர்கள் முன்னாலேயே சொல்வாள். அவர் காதில் விழாததுபோல் கோடு போட்டுக்கொண்டிருப்பார், மீசை மட்டும் துடிக்கும். காய்ச்சல் அவளை ஒரே வாரத்தில் கொண்டுபோய்விட்டது.

அதற்குப் பிறகு மாஸ்டர் கடைக்குப் பின்னால் இருந்த அறையில் சுவரைப் பார்த்துப் படுத்தவர் திரும்பவில்லை. தட்டுகள் போன மாதிரியே வந்தன. பார்க்க வந்த டாக்டர், வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே, "காய்ச்சல் இல்லை, ஒண்ணும் இல்லை. ஆனா இப்படியே சாப்பிடாம கிடந்தா ஆள் தாங்க மாட்டார்மா" என்றார். தையல்காரி தலையாட்டினாள். அண்ணியைப் புதைத்த கையோடு அண்ணனையும் விடுவதா என்று நினைத்துக்கொண்டே பழம் வாங்கக் கடைக்கு நடந்தாள்.

அன்று சாயங்காலம் அவருக்காக ஒரு ஆரஞ்சு உரித்தாள். வேண்டாம் என்றார். கையில் மிஞ்சிய சுளைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒவ்வொரு சுளைக்கும், கோட்டுக்கு உள்ளே வைத்துத் தைக்கிற துணிபோல, தனி லைனிங், ஒரு சுருக்கம் இல்லை. உள்ளே ஒவ்வொரு சாற்றுத் துளிக்கும் இன்னொரு லைனிங். இத்தனை வருஷமாகத் தின்றிருக்கிறாள், ஒரு தடவையும் கவனித்ததில்லை. "என்ன வேலை ஆண்டவனே, என்ன வேலை!" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

சுவரைப் பார்த்தபடியே மாஸ்டர் உறுமினார். "உங்கண்ணியத் தூக்கிட்டுப் போனவனுக்கு நன்றி சொல்றியா? என் வீட்ல வேண்டாம்."

"நன்றின்னு யாருண்ணே சொன்னா? எனக்கும் அவன் மேல கோபம்தான். வேலை நல்லா இருக்குன்னு சொல்றேன். நல்லா இருக்கறத நல்லா இல்லேன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

"வெளிய போய்ச் சொல்லு."

ஆகவே அவள் மொட்டைமாடிக்குப் போய்ச் சொன்னாள். தினமும் காலையில் போனாள். எறும்பின் இடுப்பை அவ்வளவு ஒடுக்கியும் கிழியாமல் பிடித்திருப்பதைச் சொன்னாள். கண்ணிமையின் ஓரத்தை மடித்து அடித்திருக்கும் நேர்த்தியை, முழங்கையில் மடங்குவதற்கென்றே விட்டிருக்கும் தொளதொளப்பை, புறாவின் கழுத்தில் சாயம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடம் தெரியாததைச் சொன்னாள். சொல்லச் சொல்லப் பட்டியல் நீண்டதே தவிர முடியவில்லை. அழுதுகொண்டும் சொன்னாள். பக்கத்து மாடியில் துணி காயப்போடுகிறவர்கள் அவளுக்கும் புத்தி பேதலித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை சொல்லி முடித்தபின் அவள் கூடுதலாக ஒன்று சொன்னாள். "எனக்கு வெளிப்பக்கமே போதும். எங்கண்ணன் உள்ள பாக்காம எதையும் ஒத்துக்கமாட்டாரு. அவருக்கு வேற மருந்தும் இல்ல."

வானம் திரும்பியது. சத்தமே இல்லை, பெரிய போர்வையை யாரோ உதறித் திருப்பியதுபோல ஒரு காற்று மட்டும் வந்தது. உள்பக்கம் வெளுக்காத பருத்தியின் நிறத்தில் இருந்தது. கிழக்கிலிருந்து மேற்குவரை தையல்கள் ஓடின. அவற்றின் நூல் மெல்ல மூச்சுவிடுவதுபோல் ஏறி இறங்கியது. இரவில் நட்சத்திரம் தெரிகிற இடங்களில் எல்லாம் முடிச்சுகள் இருந்தன. ஒவ்வொரு முடிச்சும் இறுக்கிப் போடப்பட்டு, வால் நறுக்கப்பட்டு, பிசிறில்லாமல் இருந்தது. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. ரொட்டிக்கடைக்காரர் மாவுக் கையைத் துடைக்க மறந்து நின்றார். நாய்கள் குரைக்காமல் உட்கார்ந்துகொண்டன.

தையல்காரி படியிறங்கி ஓடிவந்து கதவருகே நின்றாள். "அண்ணே, வானத்தப் புரட்டிக் காட்டியிருக்கு. உள்பக்கம் தெரியுது."

மாஸ்டர் சுவரிடம் பேசுவதுபோலக் கேட்டார். "தையல் எப்படி?"

"எனக்கென்ன தெரியும். நீ வந்து பாரு."

மாஸ்டர் திரும்பினார். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, கதவு நிலையைப் பிடித்து, தெருவுக்கு வந்தார். ரொட்டிக்கடைக்காரர் போட்ட நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பார்த்தார். குறை கண்டுபிடிக்கத்தான் வந்திருக்கிறார் என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது. ஒவ்வொரு தையலாக இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை போனார். வெயில் ஏறியது. கடைசியில் அவர் பார்வை தையலிலிருந்து அதன் இரண்டு பக்கமும் இருந்த துணிக்குப் போனது. அங்கேயே நின்றது.

குழந்தைகளுக்குத் தைக்கும்போது தையலுக்கு உள்ளே கொஞ்சம் துணி விடுவார்கள், வளர்ந்தால் பிரித்துப் பெரிதாக்கிக்கொள்ள. கஞ்சனான தையல்காரன் விடமாட்டான். இங்கே ஒவ்வொரு தையலுக்கும் உள்ளே, மடிப்பு மடிப்பாக, இன்னொரு வானம் அளவுக்குத் துணி விட்டிருந்தது.

"எவ்வளவு உள்ள விட்டிருக்கான் பாத்தியா" என்றார் மாஸ்டர். "ஒருநாள் நமக்கு இந்த வானம் பத்தாமப் போகும்னு தெரிஞ்சேதான் விட்டிருக்கான்." தெரு பார்த்திருக்க, தங்கையின் தோளில் முகத்தை வைத்து அழுதார். மனைவி போன பிறகு அதுதான் முதல் அழுகை. அழுது முடித்ததும் பசிக்கிறது என்றார். ரொட்டிக்கடைக்காரர் ஓடினார்.

வானம் மதியத்துக்குள் பழையபடி திரும்பிவிட்டது. ஆனால் எங்கோ ஒரு தையல் பிரித்துவிடப்பட்டிருக்க வேண்டும், அந்தத் தெருவுக்கு மேலே மட்டும் வானம் கொஞ்சம் அகலம். பறவைகள் அதைக் கடக்கக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கின்றன. அங்கே துணி சீக்கிரம் காய்கிறது, வாடகை கேட்கிறவர்களிடம் வீட்டுக்காரர்கள் அதையும் ஒரு வசதியாகச் சொல்கிறார்கள். காய்ச்சல் அதன் பிறகும் இரண்டு பருவம் வந்தது, இன்னும் சிலரை எடுத்துக்கொண்டு போனது. மாஸ்டர் வெட்டுகிறார். பட்டன் கட்ட வேறு ஆள் வைக்கவில்லை, அதை அவரே கட்டிக்கொள்கிறார்.

ஒரு மழைக்காலத்தில் தையல்காரிக்குத் தொண்டை கட்டிக் குரலே வரவில்லை. காலையில் மாடிப்படியில் பாதி ஏறியவள் மேலே பேச்சுக்குரல் கேட்டு நின்றாள். மாஸ்டர் அண்ணாந்து நின்றுகொண்டிருந்தார். மழையில் துளிக்குத் துளி இடைவெளி சரியில்லை என்றார். மேகத்தின் ஓரத்தை மடித்து அடித்திருக்கலாம் என்றார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நனைந்தார். "பட்டன் கட்டினாளே, அவளப் பண்ணினியே," என்றார், "அதுல நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்."