மில்லிகிராமின் நோட்டு

1

முதலில் ஒரு வாக்குமூலம். இந்தக் கதை ஒரு டாக்டரின் காத்திருப்பு அறையில், எனக்கு அடுத்த நாற்காலியில் பிறந்தது. அங்கே உட்கார்ந்திருந்தவர், மன ஆற்றலால் ஆண்மையை மீட்கும் இருபத்தொரு படிகள் பற்றிய புத்தகம் ஒன்றைச் செய்தித்தாளுக்குள் ஒளித்து வைத்து, அடிக்கோடு போட்டுப் படித்துக்கொண்டிருந்தார். பதினான்காம் படியில் அவருக்கு வியர்த்தது. அந்த வியர்வையை மட்டும் திருடினேன். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

தொடக்கம், முதல் முயற்சி: ‘காமம் ஒரு கடல், அதில் மனம் என்னும் ஓடம்…’

(அடித்துவிட்டேன். ஓடத்தை யாராவது கரையேற்றிக்கொள்ளுங்கள்.)

இரண்டாம் முயற்சி: மருந்துக் கம்பெனிகளின் தராசுகளைச் சோதிப்பது அவர் வேலை. எடைக்கற்களை இடுக்கியால் எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வைப்பார். தும்மினால் அளவு போச்சு. கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் மில்லிகிராம்.

கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து, காய்ச்சல் விட்ட களைப்பில் ஒருமுறை உடம்பு ஒத்துழைக்கவில்லை. வேறொருவர் என்றால் புரண்டு படுத்திருப்பார். மில்லிகிராம் காரணம் தேடினார். தேடிக்கொண்டே படுத்ததில் அடுத்த முறையும் அப்படியே ஆயிற்று. மூன்றாம் முறைக்குப் புத்தகம் வாங்கினார். நான்காம் முறை, முத்தத்துக்கு நடுவே மூச்சை எண்ணினார். ‘பயப்படாதே, பயப்படாதே’ என்று தன்னையே அதட்டினார். உடம்பு, அதட்டுகிறவர் யார் என்று பார்க்கப் போய், வந்த வேலையை மறந்தது.

(டாக்டர் சோதித்துவிட்டு, “உடம்புல ஒரு கோளாறும் இல்ல. பரீட்சை எழுதுறதை நிறுத்துங்க, போதும்” என்றார். மில்லிகிராம் அதையும் குறித்துக்கொண்டார்.)

3

மனைவி விஷயத்தில்தான் எனக்குச் சந்தேகம். முதல் வரைவில் பெருமூச்சு விட்டுக்கொண்டே இருந்தாள். அடுத்ததில் மனோதத்துவம் பேசினாள். இரண்டையும் கிழித்த பிறகுதான் தெரிந்தது: அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். வேறு ஊர்க் கிளைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். திங்கள்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

ஞாயிறு மதியம், அவருடைய சட்டைகளை அடுக்கும்போது அவளுக்கு ஒரு நோட்டு கிடைத்தது. கட்டம் கட்டமாகக் கோடு. தேதி, அறை வெப்பம், ஜன்னல் திறந்ததா சாத்தியதா, சாப்பிட்ட நேரம். கடைசிக் கட்டத்தில் முடிவு: தேறவில்லை. தேறவில்லை. தேறவில்லை.

“என்னங்க இது?”

“ஆபீஸ் நோட்டு” என்றார், கட்டிலில் படுத்தபடியே.

“உங்க ஆபீஸ்ல நம்ம பெட்ரூம் ஜன்னலை எதுக்குச் சாத்துறாங்க?”

மில்லிகிராம் சுவரைப் பார்த்தார்.

“காத்து, வெயில், சோறு எல்லாம் இருக்கு. இதுல நான் எந்தக் கட்டத்துல இருக்கேன்?”

நோட்டை வாங்கக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

“மூணு மாசமா, நான்தான் தேறலைன்னு நெனச்சுக்கிட்டிருக்கேன். என்னைப் பார்த்தாலே உங்க மூஞ்சி மாறுது. நான் அந்த ஊருக்குப் போயிட்டா உங்களுக்கு நிம்மதின்னு…”

“ஐயோ, இல்லம்மா. அது என் ரிசல்ட்டு.”

“நல்லா வாங்கினீங்க ரிசல்ட்டு.” (சிரித்தாளா, அழுதாளா? இரண்டும் கலந்த ஒரு சத்தம். அதற்கு எழுத்து கிடைக்கவில்லை.) “தள்ளிப் படுங்க. இன்னிக்கு ஒண்ணும் கிடையாது. நான் தூங்கணும்.”

“ஒண்ணுமே வேணாமா?” என்றார், பாதி ஏமாற்றமும் பாதி விடுதலையுமாக.

4

முடிவு அ: மழை கொட்டுகிறது, அவர் வெல்கிறார். (ஊர்வலம் மட்டும்தான் பாக்கி. அடித்தேன்.)

முடிவு ஆ: ரயில் கிளம்புகிறது, அவர் கை நடைமேடையில் அசைந்த… (கிளம்பட்டும், நான் ஏறவில்லை.)

முடிவு இ: ஜன்னல் திறந்திருக்கிறது. திரைச்சீலை உள்ளே வந்து, கொஞ்சம் யோசித்து, வெளியே போகிறது. வெயில் தரையில் மெல்ல நகர்ந்து கட்டில் காலைத் தொடுகிறது. அவள் தலைக்கு அடியில் அவர் கை மரத்துப்போய்விட்டது, அவர் எடுக்கவில்லை. எங்கே தன் கை முடிகிறது, எங்கே அவள் கூந்தல் தொடங்குகிறது என்று தெரியாமல் மிதக்கிறார். பாதித் தூக்கத்தில் அவள் கேட்கிறாள்:

“நாளைக்குக் கடையில என்னன்னு சொல்லட்டும்?”

அவர் வாயைத் திறக்கிறார். சட்டென்று கண்ணைத் திருப்பி இந்தப் பக்கம் பார்க்கிறார். கட்டிலோரம் நான் பேனாவோடு நிற்கிறேன். என் தோளுக்கு மேலாக நீங்கள் எட்டிப் பார்க்கிறீர்கள், தேறினாரா இல்லையா என்று. திறந்த வாய் மூடிக்கொள்கிறது.

நான் பேனாவை மூடிவிட்டேன். நீங்களும் எழுந்திருங்கள். வரும்போது கதவைச் சாத்திக்கொண்டு வாருங்கள். அவள் இன்னும் காத்திருக்கிறாள்.